உபயம்: ஆரணி தனகோடி

ஆரணி
14-6-2006

அன்புத் தம்பி விக்னேஷுக்கு அக்கா கீதா எழுதுவது. அம்மா, நான், உன் மாமா மூவரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. சென்னைக்குப் போன இரண்டு மாதத்தில் நீ ஐந்து கிலோ இளைத்திருப்பாய் என்று இங்கிருந்தபடியே சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று ஒரு வரி எழுதிவிடு, பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போன் இருப்பது மாமாவின் தறிக்கொட்டகையில். நான் ரிசீவரை எடுத்தால் அங்கே தறி நின்றுவிடும், எல்லோருக்கும் காது நீண்டுவிடும். அதுவும் இல்லாமல், உனக்குப் போன் போட்டால் உன் குரலுக்கு முன்னால் நம் பாட்டு வருகிறது. உன் போனில் மட்டும் என்று நினைத்தேன். ஆரணி முழுக்க அதுதான். பழைய பஸ் ஸ்டாண்டில் யார் யாரைக் கூப்பிட்டாலும் 'கமண்டல நதிக்கரைத் தாயே, என் கைவிளக்கு அணையாமல் காப்பாயே' தான். பத்து வருஷத்துக்கு முன்னால் அப்பா அம்மனுக்குப் போட்ட கேசட், அலமாரியில் தூசு படிந்து கிடந்தது, இப்போது எப்படி எல்லார் செல்போனிலும் ஏறியது?

அதைவிடப் பெரிய ஆச்சரியம், நேற்று அப்பா பெயருக்கு ஒரு பழுப்புக் கவர் வந்தது. ஏதோ இசைச் சங்கமாம். எல்லாம் இங்கிலீஷ். உறுப்பினராகச் சேர்ந்ததற்கு வாழ்த்து என்பது மட்டும் கவரின் மேலேயே புரிகிறது. போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆன அப்பா இப்போது எந்தச் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார்? இன்னும் பிரிக்கவில்லை.

அந்தக் கேசட்டில் பாடின சந்தவாசல் குப்புராஜ் அண்ணனின் மகள் கனிமொழி வந்திருந்தாள். அவர் குரலிலேயே இந்தப் பாட்டை மறுபடி பாடவைத்து, ஆடிக்கு ஒரு சி.டி. போடப்போகிறாளாம். அம்மா சந்தோஷப்பட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.
உன் அக்கா,
கீதா

*

சென்னை
25-6-2006

அன்புள்ள அக்காவுக்கு, விக்னேஷ். நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன் (பொய் இல்லை). அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

கவரைப் பார்த்துப் பயப்படாதே. நான்தான் எழுதிப் போட்டேன். செல்போனுக்குப் பாட்டு சேர்த்துக் கொடுப்பதுதான் எங்கள் கம்பெனியின் வேலை என்று உனக்குத் தெரியும். ஒரு பாட்டை எடுக்க அதை எழுதினவர், இசை போட்டவர் அனுமதி வேண்டும். ஒரு பாட்டு ஆயிரம் கடையில், ரேடியோவில், மண்டபத்தில், லட்சம் போனில் ஒலிக்கிறது. எழுதினவர் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்று கேட்க முடியுமா? அதற்குத்தான் சங்கம். எல்லாருக்குமாக அது கேட்கும், எல்லாருக்குமாக அனுமதி கொடுக்கும். யார் பெயர் அங்கே பதிவாகி இருக்கிறதோ அவர்தான் பாட்டுக்காரர். அப்பா பெயர் காலத்துக்கும் நிற்கட்டுமே என்று சேர்த்தேன்.

கவரைப் பிரிக்காமல் அப்படியே எனக்கு அனுப்பிவிடு. குப்புராஜ் வீட்டில் இதைப் பற்றிப் பேச வேண்டாம், அவர்களுக்குப் புரியாது, வீண் குழப்பம்.

மாமாவுக்கு என் வணக்கம். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.
தம்பி,
விக்னேஷ்

*

ஆரணி
2-7-2006

அன்புத் தம்பிக்கு, இங்கு யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

நீ பிரிக்காதே என்று எழுதியதால் பிரித்தேன். தபால் ஆபீஸுக்கு எதிரில் இருக்கும் டியூஷன் டீச்சரிடம் கொடுத்து ஒவ்வொரு வரியாகக் கேட்டேன். பாடல் இயற்றியவர், தனகோடி. இசையமைத்தவர், தனகோடி. அவருடைய வாரிசாக நான் உறுதி கூறுகிறேன், விக்னேஷ். கீழே உன் கையெழுத்து.

அப்பா ஒரு வரி எழுதுவாரா, விக்னேஷ்? பட்டுச் சீட்டில் நிறமும் நம்பரும் எழுதுவார். அதிலேயே நாலு தப்பு இருக்கும். பாட்டு குப்புராஜ் அண்ணனுடையது. அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், அப்பாவை மொதலாளி என்றே கூப்பிட்டவர், ஆடி மாதத்தில் கோயில் கோயிலாகப் பாடினவர். உனக்குப் பதினொரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து வேலூர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கிடந்தாயே, அப்போது அப்பா அம்மனுக்குப் பாட்டு சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டார். பாட்டைக் கட்டிக் கொடுத்தவர் அண்ணன். கேசட் அட்டையில் அப்பா பெயர் போட்டது, கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுகிற மாதிரி. டியூப் லைட்டில் பெயர் இருக்கிறது என்பதற்காக அதைச் செய்தது அவர் என்று யாராவது சொல்வார்களா?

கேசட் அட்டைக்கு எழுதிக் கொடுத்தது நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று அப்பா என்னைத்தான் எழுதச் சொன்னார். 'பாடல்' என்று போட்டு, பக்கத்தில் 'ஆரணி தனகோடி' என்று எழுதினேன். அதனால்தான் எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஒன்றே ஒன்று சொல். தெரியாமல் போட்டாயா, தெரிந்து போட்டாயா?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
கீதா

*

ஆரணி
24-7-2006

தம்பிக்கு. நலம். நீ நலமா என்பதே தெரியவில்லை.

மூன்று வாரம் ஆகிறது. கொட்டகையிலிருந்து நான்கு முறை போன் போட்டேன். ஒவ்வொரு முறையும் பாட்டு வந்தது, நீ வரவில்லை. முதல் ஆடி வெள்ளிக்குக் கனிமொழி சி.டி.யைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனாள். முருகேசன் கேசட் கடையில் நூறு வைத்திருக்கிறாளாம். கடை வாசலில் அண்ணனின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

திட்டியாவது எழுது.
கீதா

*

சென்னை
31-7-2006

அன்புள்ள அக்கா, நான் நலம். எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

முழுதாகத் தெரிந்து போட்டேன் என்று சொல்ல முடியாது. தெரியாமல் போட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரம் செய்வார்கள். மேனேஜர் பழைய கேசட்டுகளைப் புரட்டும்போது அந்த அட்டை கிடைத்தது. ஆரணி என்றதும் என்னைக் கூப்பிட்டார். இது எங்க அப்பா கேசட் சார் என்று பெருமைக்குச் சொல்லிவிட்டேன். "அப்ப உங்க அப்பா எழுதினதா? வேலை சுலபமாப் போச்சே" என்றார். ஆமாம் என்று சொன்னேன். அந்த ஒரு ஆமாம்தான். மறுநாள் சங்கத்தின் படிவம் என் மேஜைக்கு வந்துவிட்டது. அட்டையில் அச்சில் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

இப்போது அவசரமான விஷயம். கம்பெனியின் ஆட்கள் ஊர் ஊராகக் கடைகளைச் சோதிக்கிறார்கள். பதிவான பாட்டை அனுமதி இல்லாமல் யார் சி.டி. போட்டாலும் போலீஸோடு போய் எடுத்துவிடுவார்கள். பட்டியலில் வேலூர், ஆரணி, போளூர் இருக்கிறது. கனிமொழியிடம் உடனே சொல், ஜல்தியாக எல்லாவற்றையும் கடையிலிருந்து எடுத்து வீட்டில் வைக்கச் சொல். காரணம் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.
விக்னேஷ்

*

ஆரணி
8-8-2006

விக்னேஷுக்கு. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்கே தெரிந்துவிட்டது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அவர்கள் வியாழக்கிழமையே வந்துவிட்டார்கள். முருகேசன் கடையில் இருந்த சி.டி. எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டார்கள். யார் கொடுத்தது என்று கேட்டு, மதியத்துக்குள் குப்புராஜ் அண்ணனை ஸ்டேஷனுக்கு வரவழைத்தார்கள். நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அந்த இடத்திலும் நமக்கு மரியாதை.

கனிமொழி கத்தித் தீர்த்தாள். "எங்கப்பா பாட்டை எங்கப்பா பாடறதுக்கு யாரைக் கேக்கணும்?" என்றாள். ஸ்டேஷன் ரைட்டர் தன்மையான மனிதர். அண்ணனிடம் திரும்பி, "பாட்டு உன்னுதுன்னா சொல்லுயா, அப்டியே எழுதிக்கறேன். பேஜார் வுட்டுது" என்றார்.

அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "இல்லீங்க. பாட்டு எங்க மொதலாளிது. ஆரணி தனகோடி மொதலாளிது. நான் பாடிகினு மட்டும் இருந்தேன்."

கனிமொழி தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். எழுதிக் கொடுத்ததில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி திங்கட்கிழமைதோறும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கேஸ் கோர்ட்டுக்குப் போகுமாம். நேற்று வந்து போட்டுவிட்டு, நம் வீட்டு வாசலில் நின்று, "சின்னவரு எப்டிகீறாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கு உன்மேல் அவ்வளவு கோபம். இனிமேலும் நீ சும்மா இருந்தால் நான் உனக்கு அக்கா இல்லை.
கீதா

*

சென்னை
14-8-2006

அக்காவுக்கு. நலம் என்று எழுதத் தோன்றவில்லை.

அவர் ஏன் அப்படிச் சொன்னார்? எனக்கு அதுதான் புரியவில்லை. பாட்டு என்னுடையது என்று அவர் சொல்லியிருந்தால் நான் போய், தெரியாமல் நடந்துவிட்டது, திருத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். இப்போது அவர் வாக்குமூலத்தின் நகல் ஆபீஸுக்கு வந்திருக்கிறது. மேனேஜர் எல்லோருக்கும் காட்டி, பார்த்தீர்களா, எவ்வளவு சுத்தமான பதிவு என்கிறார். ஆறு மாதம் ஆகும் முன்பே என் வேலையை நிரந்தரம் செய்து சனிக்கிழமை கடிதம் கொடுத்தார்கள்.

இனி நானாகப் போய் மாற்றிச் சொன்னால் பொய்க் கையெழுத்துப் போட்டவன் ஆவேன். வேலை போவது மட்டும் இல்லை, என்மேலேயே கேஸ் வரும். ராத்திரி தூக்கம் இல்லை. யாராவது மிரட்டினார்களா என்று அவரிடம் கேள். ஏன் என்று மட்டும் கேட்டு எழுது.

விக்னேஷ்

*

ஆரணி
27-8-2006

தம்பிக்கு. அம்மாவும் நானும் இருக்கிறோம். சாப்பிடு. நீ செய்ததற்குப் பட்டினி கிடந்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு சந்தவாசலுக்கு பஸ் ஏறினேன். நாங்கள் வருவது அவருக்குத் தெரியாது. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். உட்கார வைத்து, கனிமொழியிடம் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் வாங்கிவந்தாள். வாங்கிவராமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அம்மா கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வேண்டிக்கினது மொதலாளி. பாட்டு அவரு பேர்ல சாத்தினாதான் அம்மா அவரு புள்ளைக்குனு எடுத்துக்குவா. கேசட்டு அட்டை எழுதச்சொல்லோ மொதலாளி என் பேரையும் போடறேன்னாரு. நான்தான் வாணாம்னேன். என் பேரைப் போட்டா வேண்டுதல் என் பேர்ல பூடும். புள்ளை அங்க ஆஸ்பத்திரில கெடக்குது, எனுக்கு இன்னாத்துக்கு பேரு? இப்ப ஸ்டேசன்ல என்னுதுன்னு சொன்னா இன்னா அர்த்தம்? சாத்தினதை திரும்பி எடுத்துகினா மாதிரிதானே. சின்னவருக்கு எதுனா ஆச்சின்னா யாரு பொறுப்பு?"

விக்னேஷ், அந்த ஆள் உனக்காகத்தான் கேஸை ஏற்றுக்கொண்டிருக்கிறார். பொய்க் கையெழுத்துப் போட்டது நீ என்று அவருக்குத் தெரியும். ஸ்டேஷன் காகிதத்தில் உன் பெயரைப் பார்த்துக் கனிமொழி சொல்லிவிட்டாள். தெரிந்தும் இப்படிச் சொல்கிறார்.

அம்மா அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு வெட்கம்.

அம்மாவிடம் இருந்த சி.டி.யை இதோடு அனுப்பியிருக்கிறேன். போலீஸ் எடுத்ததுபோக மிச்சம் இது ஒன்றுதான். உங்கள் கம்பெனி அரை நிமிஷம் போடுகிறதே, அது மாதிரி இல்லாமல் கடைசிவரை கேள். கேசட்டில் மூன்று சரணம்தான் இருக்கும். ஸ்டுடியோவில் நேரம் முடிந்துவிட்டது என்று நாலாவதை விட்டுவிட்டார்கள். அதன்பிறகு அதை வீட்டில் பாட அம்மா யாரையும் விட்டதில்லை, அவளால் கேட்க முடியாது. அதனால் நீ அதைக் கேட்டிருக்க மாட்டாய்.

உன் முடிவை எழுது. நான் இனிமேல் கேட்க மாட்டேன்.
கீதா

*

சென்னை
19-9-2006

அன்புள்ள அக்காவுக்கு, நான் நலம். அம்மா, மாமா நலமா? தாமதத்துக்கு வேறு காரணம் எதுவும் இல்லை, பயம்தான்.

சி.டி. வந்து ஒரு வாரம் பையிலேயே இருந்தது. பிறகு ஒரு ஞாயிறு மதியம், அறையில் யாரும் இல்லாதபோது போட்டேன். மூன்று சரணம் முடிந்ததும் நிறுத்தக் கை போனது. பழக்கம். அதற்குள் அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

'பதினோரு வயசுப் பிள்ளையம்மா, அவன்
பட்டுக்காரர் வீட்டுச் செல்லமம்மா.
விக்கினேசு என்று பேரு அம்மா, அவனை
வீட்டுக்கு அனுப்பி வையம்மா.'

மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். சங்கத்துக்குப் பாட்டின் முழு வரிகளையும் எழுதிக் கொடுத்தது நான். மூன்று சரணத்தை எழுதி, இவ்வளவுதான் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்னை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்ட மனிதரை நான் ஸ்டேஷனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

மறுநாளே சங்கத்துக்குப் போய், என் உறுதிமொழி தவறு, பாட்டும் இசையும் சந்தவாசல் குப்புராஜுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கே இருந்த மணவாளன் என்ற அதிகாரி இரண்டு தடவை படித்துவிட்டு, "தம்பி, இது உங்க தலைக்கே வரும், தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். வேலை போய்விட்டது. மேனேஜர் சத்தம் போடவில்லை, அடையாள அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டார். என்மேல் நடவடிக்கை உண்டா என்று இன்னும் சொல்லவில்லை.

ஆனால் உண்மையான ஆசிரியர் தன் பெயரில் படிவம் கொடுத்தால்தான் புகாரைத் திரும்பப் பெறுவார்களாம். நான் மறுத்தால் மட்டும் போதாது, அவர் உரிமை கோர வேண்டும். படிவம் இதோடு இருக்கிறது. அவரைக் கையெழுத்துப் போடவை, அக்கா. அடுத்த மாதம் கோர்ட்டுக்குப் போவதற்குள் வேண்டும்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு.
விக்னேஷ்

*

ஆரணி
1-10-2006

அன்புத் தம்பிக்கு, எல்லோரும் நலம். அம்மாவிடம் சொன்னேன். "புள்ள வூட்டுக்கு வரட்டும்" என்றாள்.

அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். மூன்று முறை போனேன். நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய் என்றேன், வேலை போய்விட்டது என்றேன். வேலை போனதைக் கேட்டதும் இன்னும் பயந்துவிட்டார். "பாத்தியா பாப்பா, ஆரம்பிச்சிடுச்சி" என்கிறார். கனிமொழி பேனாவைக் கையில் திணித்தாள், கீழே வைத்துவிட்டார்.

கடைசியில் ஒரு வழிக்கு வந்திருக்கிறார். நீ சிரிக்கக் கூடாது. "சின்னவரை ஒரு டாக்டருகிட்ட முழுசா காட்டச் சொல்லு. தலையும் காட்டணும். ஒண்ணும் இல்லைன்னு சீட்டு வந்தா போடறேன். இல்லைன்னா கோர்ட்டு தானே, போய்க்கறேன்" என்கிறார்.

முப்பதாம் தேதி கோர்ட். சீக்கிரம்.
கீதா

*

சென்னை
9-10-2006

அன்புள்ள அக்கா, சீட்டு இதோடு இருக்கிறது. ரத்தம், நெஞ்சு, தலை எல்லாம் பார்த்தாயிற்று. டாக்டர் எதற்கு இவ்வளவு என்று கேட்டார். கோர்ட்டுக்கு வேண்டும் என்றேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தமிழில் எழுதித் தரச் சொன்னேன், அண்ணனே படிக்கட்டும்.

நான் சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருந்த ஒரு மணி நேரமும் எனக்கு அப்படி ஒரு பயம். இதையெல்லாம் நம்புகிறவன் நான் இல்லை என்று உனக்குத் தெரியும். இருந்தும் முடிவைக் கையில் வாங்கியபோது முதலில் அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

எடை மட்டும் குறைவாம். நான்கு கிலோ. ஐந்து இல்லை என்று அம்மாவிடம் சொல்.

தீபாவளிக்கு வருகிறேன், வந்ததும் முதலில் சந்தவாசல்.
விக்னேஷ்

*

ஆரணி
17-10-2006

அன்புத் தம்பி விக்னேஷுக்கு, நாங்கள் அனைவரும் சுகம். நீயும் சுகம் என்று டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டதால் இந்த முறை கேட்கவில்லை.

அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு சீட்டை இரண்டு தடவை படித்தார். மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். திரும்பத் தர மாட்டேன் என்றுவிட்டார். பிறகுதான் படிவத்தைக் கேட்டார். பாடல் இயற்றியவர், குப்புராஜ். இசையமைத்தவர், குப்புராஜ். நான் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். பத்து வருஷத்துக்கு முன்னால் என் கையால் எழுதிய தப்பை என் கையாலேயே திருத்தினேன். கனிமொழி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த முறை அவளாகவே கலர் வாங்கிவந்தாள்.

பாட்டின் வரிகள் இருக்கும் பக்கத்தில் நான்கு சரணமும் எழுதியாயிற்று. எழுதி முடித்ததும் அண்ணன், "இது யாருக்காகன்னு எழுத எடம் எங்க கீது?" என்று கேட்டார். படிவம் முழுக்கத் தேடினோம். எழுதினவர் பெயருக்கு இடம் இருக்கிறது, வாரிசுக்கு இருக்கிறது, கேசட் கம்பெனிக்கு இருக்கிறது. அதற்கு மட்டும் இல்லை. அது இல்லாமல் கொடுக்க மாட்டேன் என்று படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டார். ஓரத்தில் கொஞ்சம் வெள்ளையாக இருந்தது. அங்கே அவர் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன்: 'ஆரணி தனகோடி மகன் விக்னேஷ் நல்லா இருக்கப் பாடியது. உபயம், தனகோடி.'

நீயே நேரில் கொண்டுபோய் அந்த மணவாளன் சாரிடம் கொடு. ஓரத்தில் எழுதக் கூடாது, செல்லாது என்று அடிக்கப் பார்ப்பார்கள். நீ பக்கத்திலேயே நின்றுகொண்டிரு. அந்த வரியை மட்டும் அடிக்க விடாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா கீதா